பச்சரிசி ஓஸ்தி

மார்ச் 6, விபூதிப் புதன்

இந்த நோட்டு என் கதையை எழுத வாங்கியதில்லை. எங்கள் பங்குக் குரு ஃபாதர் ரெஜிஸ் செய்கிற அக்கிரமங்களைத் தேதி போட்டு எழுதி வைக்க வாங்கியது. பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிந்ததும் மேற்றிராணியாருக்கு ஒரு நகல், ரோமைக்கு ஒரு நகல். மேற்றிராணியார் என்றால் இப்போதைய ஆட்கள் ஆயர் என்கிறார்களே, அவர்தான். திண்டுக்கல்லில் பழைய லத்தீன் பூசை வைக்கிற அலோசியுஸ் சாமி சொன்னார், "வாயால சொன்னா வம்பும்பாங்க. தேதி போட்டு எழுதுனா சாட்சி."

எழுதுகிறவள் சூ. பிலோமினா, வயது அறுபத்திரண்டு, சம்மனசூர். முப்பத்தாறு வருஷமாக இந்தக் கோவிலுக்கு ஓஸ்தி சுட்டுக் கொடுக்கிறவள். பூசையில் சேசுநாதர் சரீரமாக மாறுகிற அப்பம்தான் ஓஸ்தி. பூசை என்று சொன்னால் இப்போது "திருப்பலி" என்று திருத்துகிறார்கள். ஓஸ்தியை உட்கொண்டதை நன்மை வாங்கினேன் என்றால் "நற்கருணை" என்கிறார்கள். திருத்தட்டும். என் பேருக்குரிய அர்ச்சியசிஷ்டவளையே, அந்தப் புனிதையையே, நான் பள்ளிக்கூடம் போகும் முன்னால் திருச்சபைக் காலண்டரிலிருந்து தூக்கியவர்கள்தானே. அன்றைக்கே எங்கள் அப்பா உஷாராகியிருக்க வேண்டும்.

குற்றம் 1: இன்று விபூதி பூசும்போது நீ மண், மண்ணுக்குத்தான் போவாய் என்கிற பேச்சே வரவில்லை. மனம் மாறுங்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பூசினார். விபூதிப் புதனில் என்ன சிரிப்பு.

குற்றம் 2: நன்மைக் கிராதி. இதைத் தனியாக எழுத வேண்டும். பீடத்துக்கு முன்னால் சனங்கள் மண்டி போட்டு நன்மை வாங்குவதற்காக இருந்த தேக்குக் கிராதி. அக்கா கத்தரீனுக்கு எட்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தபோது அப்பா நேர்ச்சையாகச் செய்து வைத்தது. ஒரு ஓரத்தில் "சூசைமாணிக்கம்" என்று செதுக்கியிருக்கும். போன ஆவணியில் ஃபாதர் அதைக் கழற்றிவிட்டார். கடவுளுக்கும் சனங்களுக்கும் நடுவில் வேலி எதற்கு என்று பிரசங்கம். கழற்றியதை மாதா சொரூபம் இருக்கிற கெபி பக்கத்தில் செம்பருத்திச் செடிக்கு வேலியாகப் போட்டிருக்கிறார். ஆடு உரசுகிறது. அப்பா பேர் மேல் ஆடு உரசுகிறது.

அக்காவுக்கு மூச்சு இன்று பரவாயில்லை. கஞ்சி அரை டம்ளர் குடித்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

திண்டுக்கல் போய் வந்தேன். மாதம் இரண்டாவது ஞாயிறு அலோசியுஸ் சாமி வருவார். மூடிக் கிடக்கிற லேத் பட்டறைக்கு மேல் மாடியில்தான் பழைய பூசை. இருபது பேர் இருந்தோம். லத்தீன், முதுகைக் காட்டிய குரு, பெண்களுக்கு முக்காடு. ஒரு சத்தம் கிடையாது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பூசை முடிந்து சாமியிடம் கேட்டேன், எங்கள் ஊரில் நடக்கிறதெல்லாம் பூசையா என்று. "சந்தேகம்மா. ரோமையில அறுபதுகள்ல கூடுன சங்கத்துக்கு அப்புறம் மாத்துன பூசையில எனக்கு நெறைய சந்தேகம் இருக்கு" என்றார். சந்தேகம் என்றார். எனக்குச் சந்தேகமே இல்லை என்றேன். அவர் பூசை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "லத்தீன்ல சாப்புட்டியா, தமிழ்ல சாப்புடுறியா?" என்றாள். படுத்த படுக்கையிலும் வாய் மட்டும் குறையவில்லை. அவளுக்கு ஃபாதர் ரெஜிஸ் என்றால் உயிர். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் அவர் வீட்டுக்கு வந்து நன்மை கொடுப்பார். அதற்கு முந்தின நாளே தலை சீவி விடச் சொல்லுவாள்.

மார்ச் 17, ஞாயிறு

முட்டி எரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், தேதி முக்கியம்.

இன்று ஊர்க்கோவிலுக்குப் போனேன். மாதத்தில் மற்ற ஞாயிறுகளில் போவேன், போகாமல் இருக்க அக்கா விடமாட்டாள். நன்மை நேரத்தில் கிராதி இருந்த இடத்தில் வெறும் தரையில் மண்டி போட்டேன். ஃபாதர் என் முன்னால் வந்து நின்றார். நாக்கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"எழுந்திரிங்கம்மா. எல்லாரையும் மாதிரி நின்னு கையில வாங்குங்க."

நான் அசையவில்லை.

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. வழி விடுங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு சலேத்துக்குக் கொடுத்தார். அவள் என் தலைக்கு மேல் கையை நீட்டி வாங்கினாள். பிறகு வரிசை முழுக்க என்னைச் சுற்றிக்கொண்டு போனது. நான் கடைசி ஆள் வரைக்கும் மண்டி போட்டபடி இருந்தேன். என் கையால் சுட்ட ஓஸ்தி. ஊருக்கே கொடுத்தார், எனக்கு இல்லை.

முட்டியில் காயம். மஞ்சள் வைத்தேன். அக்காவிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்.

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் சூசைமாணிக்கம் மகள் இல்லை.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

இன்று எழுத ஒன்றுமில்லை. யோசிக்கிறேன்.

மார்ச் 23, சனி

(நகல் எடுக்கும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிட வேண்டும்.)

ஓஸ்திக்குக் கோதுமை மாவும் தண்ணீரும்தான். உப்பு கூடாது, சர்க்கரை கூடாது, வேறு தானியம் கூடவே கூடாது. இதில் பழைய சபை, புதுச் சபை என்று பேதமே இல்லை. அரிசியிலோ சோளத்திலோ சுட்டதை வைத்து ரோமையில் இருக்கிற பாப்பானவரே, அதாவது போப்பே, பூசை செய்தாலும் ஒன்றும் நடக்காது. வசனம் காற்றோடு போகும், அப்பம் அப்பமாகவே கிடக்கும். இது எனக்கு இருபத்தாறு வயதில் அப்போதைய பங்குக் குரு பெரிய சாமி சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

நேற்றுக் காலை ஒரு படி பச்சரிசி ஊறப் போட்டேன். நிழலில் உலர்த்தி, மிஷினுக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே இடித்து, வேட்டித் துணியில் சலித்தேன். தண்ணீரில் கரைத்து இரும்பைக் காய வைத்தேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சு சாமி பாண்டிச்சேரியிலிருந்து கொண்டுவந்த இரும்பு, இரண்டு தகடு, நீளக் கைப்பிடி, தகட்டில் சிலுவை வெட்டியிருக்கும். முதல் நாலு உடைந்தது. சூட்டைக் குறைத்தேன். அஞ்சாவது அழகாக வந்தது. கோதுமையை விட வெள்ளை. குழலால் வட்டம் வட்டமாக வெட்டி, இருநூற்று ஐம்பது எண்ணி டப்பாவில் போட்டு, கோவில்பிள்ளை மதலைமுத்துவிடம் கொடுத்துவிட்டேன்.

எனக்குக் கொடுக்க மறுத்தாரே, இனி அவர் யாருக்கும் கொடுக்க முடியாது. தூக்கிக் காட்டட்டும். மணி அடிக்கட்டும். கையில் ஒன்றும் இருக்காது. அவருக்கு அது தெரியவும் தெரியாது.

மார்ச் 24, ஞாயிறு

பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். தூக்கினார். மணி அடித்தது. எல்லோரும் தலை குனிந்தார்கள், நான் நிமிர்ந்தே இருந்தேன். நன்மைக்குப் போகவில்லை. நெஞ்சு திடுதிடுவென்று அடித்துக்கொண்டது, அது சந்தோஷம்தான்.

வெளியே வந்தபோது ஃபாதர் கூப்பிட்டார். போன வாரத்துக்கு வருத்தம் தெரிவிக்கப் போகிறாரோ என்று நின்றேன். அவர் முகத்தில் ஏதோ சொல்ல வந்தது மாதிரி இருந்தது. பிறகு, "இந்த வாரம் அப்பம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. வெள்ளையா, மெல்லிசா" என்றார். அவ்வளவுதான்.

"கைப்பக்குவம் ஃபாதர்" என்றேன். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 29, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போகவில்லை. அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார், இனி எடுத்து எடுத்து ஒன்றும் ஆகாது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை.

"வெட்டுத்துண்டு எங்கடி?" என்று மட்டும் கேட்டாள். ஓஸ்தி வெட்டியது போக மிஞ்சுகிற ஓரத்துண்டுகள் அவளுக்குப் பிடிக்கும். நோய் வரும்வரை பதினெட்டு வருஷம் என்னோடு உட்கார்ந்து மாவு கரைத்தவள், கூலியே அந்தத் துண்டுகள்தான். கோழிக்குப் போட்டுவிட்டேன் என்றேன். "கோழிக்கா?" என்றாள். ஃபேன் சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும்.

குற்றம் 9: ஞாயிறு பாடலுக்குக் கீபோர்டு. சாவு வீட்டுப் பாட்டைக் கல்யாணத் தாளத்தில் வாசித்தார்கள்.

ஏப்ரல் 5, முதல் வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஃபாதர் நன்மைச் சிமிழோடு வந்தார். அக்காவுக்கு நேற்றே தலை சீவிவிட்டேன். மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுதிரி, தண்ணீர். எல்லாம் நான்தான் வைத்தேன். வைக்காவிட்டால் அவள் என்ன ஏது என்று கேட்பாள்.

கொடுத்தார். அக்கா நாக்கில் வாங்கி, கண்ணை மூடி, உடனே திறந்தாள். என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஃபாதர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

"பிலோமி, மாவு எந்தக் கடையில வாங்குன?"

"எப்பவும் வாங்குற கடைதான்."

"சரி" என்றாள். மதியம் சாப்பிடவில்லை. மூச்சுத் திணறலில் அப்படித்தான் வாய் கசக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்காவுக்குச் செய்யவில்லை இதை. ஃபாதருக்குச் செய்தது. புதுப்பூசையில் எப்படியும் வெறும் அப்பம்தான், அதனால் அக்காவுக்கு இதில் புதிதாக நஷ்டம் ஒன்றும் கிடையாது. இதை நான் நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

போகவில்லை. தலைவலி.

ஏப்ரல் 13, சனி

பாஸ்குவுக்கு முந்தின பெரிய வாரத்துக்கு ஐந்நூறு ஓஸ்தி சுட்டுக் கொடுத்தேன். பச்சரிசிதான். மதலைமுத்து டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, "அக்கா, இட்லிக் கடை வாசம் அடிக்குது" என்றான். கிண்டல்தான். ஆனாலும் அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு

திண்டுக்கல். அக்காவைப் பார்த்துக்கொள்ள சலேத்துவை உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

பூசைக்கு முன்னால் அலோசியுஸ் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற இடத்துக்கு, போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாவமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மெச்சுவார் என்று நினைத்துச் சொன்னேன். நம்ம பக்கத்து ஆள் ஒருத்தி தைரியமாக ஒரு காரியம் செய்திருக்கிறாள் என்று.

 "எத்தனை பேருக்கு?" என்றார் சாமி.

"ஊருக்கே சாமி."

"நான் சந்தேகம்னு சொன்னேன் பிலோமினா. சந்தேகம்னா இருக்கலாம்னு அர்த்தம். அந்த 'இருக்கலாம்'ங்கிறதுக்காகத்தான் நானே அந்தக் கோவிலைத் தாண்டிப் போறப்போ மண்டி போடுறேன். நீ அதைக் கொன்னுட்டியேம்மா."

எனக்குச் சுருக்கென்றது. "அங்க இருக்கிறது வெறும் அப்பம்தானே" என்றேன்.

"வெறும் அப்பம்னு நெசமா நம்புனா, நீ எதுக்கு மாவை மாத்துன?"

 போய் அந்தக் குருவிடம் சொல், ஊருக்கு நல்ல ஓஸ்தி கிடைக்க வழி செய், அப்புறம் வா என்றார். மன்னிப்பு கொடுக்கவில்லை. லேத் பட்டறை மாடியிலும் எனக்கு நன்மை இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. இவரும் ஆம்பளைதானே, இவரும் குருதானே, ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுப்பார்களா என்று திட்டிக்கொண்டே வந்தேன். இவர் பேரையும் பட்டியலில் சேர்க்கலாமா என்று கூட நினைத்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கடையில் ஒரு கிலோ கோதுமை மாவு வாங்கினேன். சப்பாத்திக்கு.

சப்பாத்தி போடவில்லை. மாவு அலமாரியில் இருக்கிறது. ஐந்நூறு ஓஸ்தி சுட ஒரு பகல் போதும். நாளைக்கு நேரம் இருக்கிறது.

ஏப்ரல் 17, புதன்

ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். கோழிக்கூடு கழுவினேன். திரைச்சீலை துவைத்தேன். நேரம் போய்விட்டது.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

மாலைப் பூசைக்குப் போனேன். பாதம் கழுவும் சடங்கில் பன்னிரண்டு பேரில் நாலு பெண்கள். குற்றம் 14. எழுதிவிட்டேன், இனி நடந்ததை எழுதுகிறேன்.

பெரிய வெள்ளியன்று உலகத்தில் எங்கேயும் பூசை கிடையாது. அதனால் வியாழனன்றே இரண்டு நாளைக்கும் சேர்த்து ஓஸ்தியை மந்திரித்து, ஜோடித்த சிறு பீடத்துக்குப் பவனியாகக் கொண்டுபோய் வைப்பார்கள். ஊர் சனம் அங்கே ஆராதனை செய்யும். ஃபாதர் தோளில் வெள்ளைப் பட்டுத் துணி போர்த்தி, அந்தத் துணிக்குள் கையை மறைத்துப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெறுங்கையால் தொடக்கூடாது என்று பழைய மரியாதை. இவருக்கு இது தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

சனங்கள் மண்டி போட்டார்கள். எல்லோரும். சாராயம் குடிக்கிறவன், கோவில் பக்கமே வராதவன், கையில் வாங்கித்தான் பழக்கம் என்று பேசுகிற காலேஜ் பிள்ளைகள். முட்டி வலிக்கிற சலேத்து கூட. கிராதி இல்லாத வெறும் தரையில், என் வீட்டு உரலில் இடித்த பச்சரிசியை நோக்கி ஊரே மண்டி போட்டிருந்தது. சர்வேசுரனுக்குச் செய்கிறதை அரிசிக்குச் செய்தார்கள். விக்கிரக ஆராதனை என்று ஞானோபதேச வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். ஊரில் ஒருத்தருக்கும் பாவமில்லை, அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி.

நான் மண்டி போடவில்லை. தூணோரம் நின்றேன்.

ஃபாதர் பாத்திரத்தை வைத்துவிட்டு முகம் தரையில் படக் குப்புற விழுந்து கிடந்தார். நடிப்பு என்று நினைத்தேன். கால் மணி, அரை மணி. சனங்கள் எழுந்து வந்து போனார்கள், அவர் எழவில்லை. எழுந்தபோது கன்னத்தில் தரைப் பாய் அச்சு விழுந்திருந்தது, கண் சிவந்திருந்தது. யாரும் பார்க்காத பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டார். நடிக்கிறவன் சனம் பக்கம் திரும்பித்தான் துடைப்பான்.

வீட்டுக்கு வந்தேன். அக்கா கேட்டாள், "ஜோடனை நல்லா இருந்துச்சா?" நல்லா இருந்தது என்றேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மூன்று மணி சடங்கில் சிலுவை முத்தி முடிந்து, வியாழன் வைத்த ஓஸ்தியை ஊருக்குக் கொடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும், குரு தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் மண்டி போட்டேன். அலோசியுஸ் சாமி சொன்னதற்காகப் போகவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மாதமாக நான் தனியாகச் சுமக்கிறேன், இவர் நிம்மதியாகக் குப்புற விழுந்து அழுகிறார். இவர் தலையிலும் ஏறட்டும் என்று போனேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு கழுத்தில் கத்தி வைத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. அதையும் யோசித்துத்தான் போனேன்.

"ஃபாதர், நாலு வாரமா நீங்க செஞ்ச ஒரு பூசையும் பூசை இல்ல. நான் குடுத்தது பச்சரிசி ஓஸ்தி. இப்ப பீடத்துல இருக்கிறதும் அதுதான்."

தட்டியின் ஜாலி ஓட்டை வழியே முகம் சரியாகத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"வெளிய வந்து இதைச் சொல்லுங்கம்மா. இல்லாட்டி எனக்குப் பேச அனுமதி குடுங்க. கெஞ்சிக் கேக்குறேன். சனங்களுக்கு நான்..."

"முடியாது. மார்ச் பதினேழு ஞாபகம் இருக்கா? நீங்க என்னை எல்லார் முன்னாடியும் அப்படியே விட்டுட்டுப் போனீங்க. இப்ப நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மன்னிப்பு என்று வாயைத் திறக்கும் முன்னால் எழுந்து வந்துவிட்டேன். மனசு நிறைந்திருந்தது. பொய் எழுதவில்லை, நிறைந்துதான் இருந்தது. தெருமுனை வரைக்கும்.

தெருமுனையில் சலேத்து ஓடி வந்தாள். "அக்காவுக்கு இழுக்குது. ஃபாதருக்கு மதலைமுத்து போயிருக்கான்."

வீட்டில் அக்கா மூச்சுக்குத் தலையணையில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைபூசுதல் போன மாதமே ஆகிவிட்டது, இனி மிச்சம் கடைசி நன்மை ஒன்றுதான். "நன்மை" என்று விரலைக் காட்டிக் கேட்டாள். நான் மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். மெழுகுதிரி ஏற்றினேன். கை தானாகச் செய்தது.

ஃபாதர் சிமிழோடு வந்தார். மதலைமுத்து மணி அடித்துக்கொண்டு முன்னால். வராமல் இருக்க அவருக்கு வழியில்லை, என்ன காரணம் சொல்லுவார். கொண்டுவராமல் இருக்கவும் வழியில்லை. ஜெபங்களைச் சொன்னார். ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். எல்லா ஜெபமும் தீர்ந்தது. சிமிழைத் திறந்தார். அக்கா வாயைத் திறந்தாள்.

அவர் கை சிமிழுக்குள் போகவில்லை. என்னைப் பார்த்தார். கொடுத்தால் சாகப்போகிறவளை ஏமாற்றினதாகும், கொடுக்காவிட்டால் நான் சொன்னதைக் காட்டிக் கொடுத்ததாகும். வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. சலேத்து, "என்ன ஃபாதர்?" என்றாள்.  இதைத்தான் நான் ஆசைப்பட்டேன். என் எதிரில், ஆட்கள் பார்க்க, இந்த மனுஷன் செய்வதறியாமல் நிற்க வேண்டும். நின்றார்.

அக்கா வாயைத் திறந்தபடியே இருந்தாள். நாக்கு வறண்டிருந்தது. மார்ச் பதினேழாம் தேதி நான் அப்படித்தான் நாக்கை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

அவர் வாயைக் கட்டியது நான். நான்தான் அவிழ்க்க வேண்டும், வேறு ஆள் கிடையாது.

"சாமி, அது அரிசி" என்றேன். "குடுக்காதீங்க. நான் சுட்டது. நாலு வாரமா ஊருக்கே அரிசிதான் குடுத்தேன். சலேத்து, நீயும் கேட்டுக்க. மதலை, நீயும் கேட்டுக்க."

மதலைமுத்து கையிலிருந்து மணி விழுந்தது. ஃபாதர் சிமிழை மூடினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இருதயபட்டிக் கோவில் நன்மைப் பெட்டியில நல்ல ஓஸ்தி இருக்கும். பதினோரு கிலோமீட்டர். அம்மா, தாங்கிக்குங்க, வந்துர்றேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் போனார்.

நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அக்கா கையைத் தொடப் பயமாக இருந்தது. அவளே என் தலையில் கை வைத்தாள்.

"தெரியும்டி" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "முதல் வெள்ளியே. நாக்குல வச்சதுமே. பதினெட்டு வருசம் கரைச்சவளுக்குத் தெரியாதா."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஊரு உன்னை வையும். நீயே சொல்லுவேன்னு உசுரைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்." பிறகு, "எவ்வளவு நாள்டி பண்ணுவ" என்றாள். திட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

நாற்பத்தெட்டு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு மூச்சுக்கும் நான் ஒரு அருள் நிறை மந்திரம் சொன்னேன். பைக் சத்தம் கேட்டது. ஃபாதர் புழுதியோடு வந்து மண்டி போட்டுச் சிமிழைத் திறந்தார். கோதுமை நிறம். இருதயபட்டி ஆட்கள் சுட்டது, ஓரம் கருகியிருந்தது. அக்கா வாங்கினாள். கண்ணை மூடினாள், இந்தத் தடவை திறக்கவில்லை. மென்று விழுங்கினாள்.

சிமிழில் இன்னொன்று இருந்தது. இரண்டாகத்தான் கொண்டுவந்திருக்கிறார். நான் கட்டில் ஓரம் மண்டி போட்டபடி இருந்தேன். என் முன்னால் வந்து குனிந்து, என் வாய்க்கு நேராக நீட்டினார். எழுந்திரி என்று சொல்லவில்லை. நான் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். பாவசங்கீர்த்தனம் என்று போய் அவரைச் சொல்லால் அடித்துவிட்டு வந்தவள் எந்த வாயால் வாங்குவது. அதை சலேத்து வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 20, பெரிய சனி

விடியக் கோழி கூவும்போது அக்கா போய்விட்டாள். கத்தரீனம்மாள், வயது அறுபத்தெட்டு.

இன்று பூசை செய்யக் கூடாத நாள் என்பதால் ஜெபத்தோடு அடக்கம். கல்லறையில் சனம் என்னை விட்டு நாலடி தள்ளியே நின்றது. செய்தி பரவிவிட்டது. ஒருத்தி காதுபடவே, "அன்னம் போட்ட கையால மண்ணள்ளிப் போட்டா" என்றாள். சரிதான்.

எல்லோரும் போன பிறகு ஃபாதர் நின்றார். "மார்ச் பதினேழு நான் செஞ்சது தப்பு. மண்டி போட்டவங்களுக்கு மறுக்க எனக்கு அதிகாரமே கிடையாது. அடுத்த ஞாயிறு உங்களைக் கூப்பிட்டதே அதைச் சொல்லத்தான். வெக்கமா இருந்துச்சு. அப்பம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குச் சொல்லியிருந்தால். ஒரு வார்த்தை. ஒரு மாதம் முன்னால் இல்லாத வாய் இன்றைக்குக் குழியோரம் வருகிறது. அப்படியே சொன்னேன். "ஆமா" என்றார். அதற்கு மேல் சண்டை போட அவர் இடம் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 21, பாஸ்கு ஞாயிறு

நேற்று இருட்டும் முன் கோதுமை மாவைக் கரைத்து நூறு ஓஸ்தி சுட்டேன். மதலைமுத்து வாங்க வரவில்லை. நான் கொடுத்தனுப்பியதையும் யாரும் தொடவில்லை. இருதயபட்டியிலிருந்து டப்பா வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் முடிந்தது. இரும்பை எண்ணெய் தடவிப் பழைய சேலையில் சுற்றி வைத்தேன்.

காலைப் பூசையில் ஃபாதர் பிரசங்கத்துக்குப் பதில் இதைத்தான் பேசினார். "நாலு வாரமா உங்களுக்கு நான் குடுத்தது வெறும் அப்பம். என் கைக்கு வர்றது என்னன்னு பாக்க வேண்டியது என் கடமை. பாக்கல. குத்தம் என்னுது." என் பேரைச் சொல்லவில்லை. பிறகு பீடத்துக்கு முன்னால் மண்டி போட்டு ஊரிடம் மன்னிப்புக் கேட்டார். கிராதி இருந்த அதே இடம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிராதியை எடுத்தார். ஓஸ்தியை எடுத்தார். இப்போது என் குற்றத்தையும் எடுத்துக்கொள்கிறார். அதையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா. அது என்னுடையது. என் உரலில் இடித்தது.

வீட்டுக்கு வந்து பட்டியலை முதலிலிருந்து படித்தேன். விபூதி, கிராதி, கீபோர்டு, பாதம் கழுவிய பெண்கள். பதினாலு குற்றம். கிராதி குற்றம்தான். மார்ச் பதினேழும் குற்றம்தான். அதையெல்லாம் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. லத்தீன் பூசையையும் விடப் போவதில்லை.

அலோசியுஸ் சாமி தேதி போட்டு எழுதச் சொன்னார். போடுகிறேன்.

குற்றம் 15: மார்ச் 23 முதல் ஏப்ரல் 19 வரை சம்மனசூர் பங்கில் பச்சரிசி ஓஸ்தி. செய்தவள் சூ. பிலோமினா. குரு அறியார்.

நகல் எடுக்கவில்லை. பக்கம் கிழிக்கவில்லை. நாளைக் காலை தபாலாபீஸ் திறந்ததும் நோட்டையே மேற்றிராணியாருக்கு அனுப்புகிறேன்.